கோடு தாண்டினால் தாண்டட்டும்: விடுமுறையில் வண்ணம் தீட்டிப் பிஞ்சு விரல்களைப் பழக்கும் வழி

விடுமுறை தொடங்கியதும் நம்மில் பலர் ஒரே காரியத்தைத்தான் செய்கிறோம். தடிமனான கலரிங் புத்தகம் ஒன்றையும் நாற்பத்தெட்டு நிறங்கள் கொண்ட பெரிய பெட்டி ஒன்றையும் வாங்கிவந்து பிள்ளையின் முன்னால் வைக்கிறோம். அரை நாளாவது ஓடும் என்று ஒரு கணக்கு. பத்தே நிமிடத்தில் பிள்ளை வந்து நிற்கும்: "முடிச்சிட்டேன்!" திறந்து பார்த்தால் ஏழு பக்கத்திலும் ஒரே நீல நிறம், குறுக்கும் நெடுக்குமாக. "கோட்டுக்குள்ள அடி, பொறுமையா அடி" என்று நாம் ஆரம்பிப்போம். மறுநாள் புத்தகம் கட்டிலுக்கு அடியில் கிடக்கும்.

நானும் அப்படி வாங்கிவைத்து ஏமாந்த ஆள்தான். பிள்ளைக்குப் பொறுமை இல்லை என்று அப்போது நினைத்தேன். உண்மையில் அந்தப் பக்கம் கேட்ட வேலையைச் செய்யும் அளவுக்கு அந்தக் கை இன்னும் வளரவில்லை, அவ்வளவுதான்.

அதனால் இந்த வழிகாட்டி முழுக்க ஒரே விஷயத்தைத்தான் சுற்றிவரும். பிள்ளையின் விரலைப் பிடித்துத் திருத்த வேண்டாம். கையில் கொடுக்கும் கருவியின் நீளம், தாள் இருக்கும் இடம், படத்தின் அளவு ஆகிய மூன்றையும் மாற்றிப் பாருங்கள். விரல் தன் வழியைத் தானே கண்டுபிடிக்கும். இரண்டு வயது முதல் ஆறு வயது வரையுள்ள பிள்ளைகளை மனதில் வைத்து எழுதுகிறேன்.

முதலில், கை வளரும் விதம்

பொத்தான் போடுவது, ஜிப்பை இழுப்பது, மணியைக் கோப்பது, பென்சில் பிடிப்பது எல்லாம் சிறுதசைத் திறன் என்ற கணக்கில் வரும். கண் பார்க்க, விரலும் மணிக்கட்டும் சேர்ந்து செய்யும் நுணுக்கமான வேலைகள் இவை.

இதில் வேடிக்கை என்னவென்றால், விரல்களை மடக்கி நீட்டும் தசைகள் விரலுக்குள் இல்லை. அவை முன்கையிலும் உள்ளங்கையிலும் இருக்கின்றன. அங்கிருந்து தசைநாண்கள் கயிறு போல விரல்களை இழுக்கின்றன. பொம்மலாட்டம் மாதிரிதான். அதனால் "விரலுக்குப் பயிற்சி" என்று நாம் சொல்வது உண்மையில் முழங்கை வரைக்கும் நடக்கிறது.

எலும்புக் கதை இன்னும் சுவாரசியம். பெரியவர்களின் மணிக்கட்டில் எட்டுச் சிறு எலும்புகள் உண்டு. பிறந்த குழந்தைக்கு அந்த இடத்தில் இருப்பது பெரும்பாலும் குருத்தெலும்பு. முதல் சில மாதங்களில் ஒன்றிரண்டு எலும்பாக மாறத் தொடங்கும். மற்றவை ஆண்டுக்கணக்கில் ஒவ்வொன்றாக வரும். கடைசி எலும்பு தலைகாட்ட எட்டு வயதுக்கு மேலும் ஆகலாம். மூன்று வயதுப் பிள்ளையின் கையை நம் கையின் சின்ன அளவு என்று நினைப்பது தப்பு. அது இன்னும் கட்டிக்கொண்டிருக்கும் வீடு.

கட்டுமானத்துக்கு ஒரு வரிசையும் இருக்கிறது: முதலில் தோள், அப்புறம் முழங்கை, அப்புறம் மணிக்கட்டு, கடைசியாக விரல். தோள் உறுதியாக நிற்காத பிள்ளையிடம் விரல் நுணுக்கத்தை எதிர்பார்த்தால் ஆடும் நாற்காலியில் உட்கார்ந்து ஊசியில் நூல் கோக்கச் சொன்ன மாதிரிதான். கீழே படி 5இல் வரும் பயிற்சிகளும் இந்த வரிசையில்தான் போகும்.

படி 1: இரண்டு நாள் சும்மா பாருங்கள்

எதையும் சொல்லித்தராமல் ஒரு தாளும் நான்கு கிரேயானும் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்காருங்கள். மூன்று விஷயங்களைக் கவனித்தால் போதும்.

முதலாவது, பிடி. ஒன்று, ஒன்றரை வயதில் கிரேயானை முஷ்டிக்குள் இறுக்கிப் பிடிப்பார்கள். அப்போது கை முழுதும் தோளிலிருந்து அசையும். இரண்டு மூன்று வயதில் உள்ளங்கை தரையைப் பார்க்க, விரல்கள் எல்லாம் கிரேயான் மேல் நீண்டு படுத்திருக்கும். இப்போது அசைவு முழங்கையிலிருந்து வரும். மூன்றரை, நான்கு வயது வாக்கில் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் முனைக்கு அருகே வந்து சேரும். ஆனாலும் அசைவது மணிக்கட்டுதான், விரல்கள் ஒட்டினாற்போல் நிற்கும். நாலரை வயதிலிருந்து ஆறு வயதுக்குள்தான் விரல்களே மடங்கி நீண்டு கோடு போடத் தொடங்கும். இந்த வயதுகள் எல்லாம் தோராயம். ஆறு மாதம் முன்னே பின்னே இருப்பது சாதாரணம். ஒரே பிள்ளை ஒரே நாளில் இரண்டு பிடிகளில் பிடிப்பதும் உண்டு. களைத்துப்போனால் பழைய பிடிக்குத் திரும்பிவிடும்.

இரண்டாவது, எந்த மூட்டு அசைகிறது என்பது. விரலைப் பார்ப்பதைவிட முழங்கையைப் பார்ப்பது எளிது. முழங்கை மேசையில் நிற்காமல் பறந்துகொண்டே இருந்தால் பிள்ளை இன்னும் தோளால்தான் வரைகிறது.

மூன்றாவது, மற்றக் கை என்ன செய்கிறது? தாளைப் பிடித்திருக்கிறதா, மடியில் தூங்குகிறதா? பலரும் கவனிக்காத இடம் இது. வண்ணம் தீட்டுவது இரண்டு கை வேலை. பிடிக்கிற கை சோம்பினால் தாள் நகரும், தாள் நகர்ந்தால் கோடு தாண்டும். கோடு தாண்டுவதற்காகத் திட்டு வாங்கும் பிள்ளைகளில் பாதிப்பேருக்குத் தாளின் நான்கு மூலையில் டேப் ஒட்டினாலே பிரச்சினை தீர்ந்துவிடும் என்பது என் எண்ணம்.

இந்த இரண்டு நாள் தாள்களையும் பின்பக்கம் தேதி எழுதி எடுத்துவையுங்கள். விடுமுறை முடியும்போது ஒப்பிட்டுப் பார்க்கத் தேவைப்படும்.

படி 2: உட்காரும் இடம்

பாதம் தொங்கக் கூடாது. தரையில் படியாவிட்டால் கீழே ஒரு பலகையோ தடித்த புத்தகக் கட்டோ வையுங்கள். மேசை பிள்ளையின் முழங்கை உயரத்தில், அல்லது ஒரு விரல்கடை மேலே இருக்கட்டும். பெரியவர்களின் சாப்பாட்டு மேசை இதற்கு ஆகாது. தோள் காது வரைக்கும் ஏறிவிடும்.

தரையில் குப்புறப் படுத்து வரைந்தால் பாதகமா என்று கேட்பார்கள். பாதகமே இல்லை, நல்லதுதான். உடம்பின் பாரத்தை முழங்கைகள் தாங்குவதால் தோள் உறுதிப்படும். பத்து நிமிடத்துக்கு மேல் கழுத்து வலிக்கும், பிள்ளையே எழுந்துவிடும்.

படி 3: கருவி சின்னதாகட்டும்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் செய்யப்போகிறீர்கள் என்றால் இதைச் செய்யுங்கள். கிரேயானை உடையுங்கள். இரண்டு மூன்று சென்டிமீட்டர் நீளத்துண்டு. புதுக் கிரேயானை உடைக்க மனசு வராதுதான், தெரியும். ஆனால் நீளமான கிரேயானை ஐந்து விரலாலும் முஷ்டியாலும் பிடிக்க இடமிருக்கிறது. இரண்டு சென்டிமீட்டர் துண்டைப் பிடிக்க மூன்று விரல்களுக்குத்தான் இடம். மோதிர விரலும் சுண்டுவிரலும் வேறு வழியில்லாமல் உள்ளங்கைக்குள் மடங்கிவிடும். கையின் கட்டைவிரல் பக்கம் நுணுக்கமான வேலை செய்யும், சுண்டுவிரல் பக்கம் மடங்கிக் கையைத் தாங்கி நிற்கும். இந்த வேலைப் பிரிவினை வந்துவிட்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. மூன்று வயது தாண்டிய பிள்ளைக்கு நீங்கள் எதுவும் சொல்லாமலே அந்தத் துண்டு சொல்லிக்கொடுத்துவிடும்.

கிரேயான் மேல் சுற்றியிருக்கும் காகிதத்தையும் பிள்ளையே உரிக்கட்டும். நகத்தால் நெம்பிக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் கிள்ளி இழுப்பதே ஒரு முழுப் பயிற்சி. என் வீட்டில் வண்ணம் தீட்டுவதைவிட இதற்குத்தான் கிராக்கி.

எச்சரிக்கை ஒன்று. மூன்று வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்குச் சின்னத் துண்டு ஆகாது. வாய்க்குள் போனால் தொண்டையில் அடைக்கும். பொம்மைப் பாதுகாப்புச் சோதனையில் சுமார் 3.2 சென்டிமீட்டர் விட்டமுள்ள உருளை ஒன்றை வைத்திருப்பார்கள். அதற்குள் முழுதாக அடங்கும் பொருள் எதுவும் அந்த வயதுக்கு ஆபத்து என்று கொள்வார்கள். அந்த வயதுக்குப் பெரிய முட்டை வடிவக் கிரேயான், உருண்டைக் கிரேயான் கொடுங்கள். ஸ்கெட்ச் பேனாவின் மூடி நுனியில் ஓட்டை இருக்கிறதா என்றும் பாருங்கள். மூடி பிள்ளையின் தொண்டையில் சிக்கிவிட்டால் மூச்சு போய்வரத்தான் அந்த ஓட்டை.

ஸ்கெட்ச் பேனாவா, கிரேயானா, கலர் பென்சிலா? ஸ்கெட்ச் பேனா தாளில் வழுக்கிக்கொண்டு போகும். அழுத்தவே வேண்டாம். அதனால் கையில் பலம் குறைந்த பிள்ளைக்கு உடனே ஒரு திருப்தி கிடைக்கும், ஆனால் பலம் ஏறாது. கிரேயான் மெழுகு. அது தாளில் உராய்ந்து எதிர்த்து நிற்கும், விரல் உழைத்தால்தான் நிறம் வரும். கலர் பென்சில் இன்னும் கூடுதலாக உழைப்பு கேட்கும், முனையும் மெல்லியது. எனவே தொடக்கத்தில் கிரேயான், ஆர்வத்தைத் தூண்ட எப்போதாவது ஸ்கெட்ச் பேனா, நாலரை ஐந்து வயதில் கலர் பென்சில் என்பது என் வரிசை. முக்கோண வடிவத்தில் வாங்கினால் மேசையிலிருந்து உருண்டு விழாது, மூன்று விரல்களுக்கும் ஆளுக்கொரு பக்கமும் கிடைக்கும்.

நாற்பத்தெட்டு நிறப் பெட்டியைப் பரணில் போடுங்கள். கிரேயோலா என்ற புகழ்பெற்ற கிரேயான் 1903இல் முதன்முதலாக வந்தபோது பெட்டியில் இருந்தவை எட்டே நிறங்கள். ஒரு நாளைக்கு நான்கைந்து நிறம் போதும். நிறம் கூடக் கூடப் பிள்ளை தேர்ந்தெடுப்பதிலேயே களைத்துவிடும், கை வேலை செய்யாது.

படி 4: படத்தின் அளவை யோசித்துத் தேர்ந்தெடுங்கள்

படத்தின் அளவுதான் எந்த மூட்டு வேலை செய்ய வேண்டும் என்று முடிவு செய்கிறது. சுவரில் ஒட்டிய பெரிய தாளில் ஒரு முழ நீளத் திமிங்கிலம் இருந்தால் தோள் வேலை செய்யும். ஏ4 தாள் நிறைய ஒரு பூனை என்றால் முழங்கையும் மணிக்கட்டும். மூன்று சென்டிமீட்டர் பட்டாம்பூச்சி என்றால் விரல் மட்டுமே. கடையில் விற்கும் புத்தகங்கள் பெரும்பாலும் ஒரே பக்கத்தில் மூன்றையும் கலந்து வைத்திருக்கும்: பெரிய வானம், நடுவில் ஒரு வீடு, மூலையில் பட்டாணி அளவில் பத்துப் பூக்கள். வானத்தை அடித்துக் களைத்த கை பூக்களைப் பார்த்ததும் கிறுக்கிவிட்டு எழுந்துவிடும். அந்தப் பத்து நிமிட "முடிச்சிட்டே"னின் ரகசியம் இதுதான்.

எனவே புத்தகத்திலிருந்து ஒரு பக்கத்தைக் கிழித்து, அதிலும் ஒரு பகுதியை மட்டும் வெட்டிக்கொடுங்கள். ஏ4 தாளை நான்காக வெட்டினால் ஒவ்வொன்றிலும் ஒரு படம் போதும். அந்தப் படத்தின் எல்லைக் கோட்டை நீங்களே தடித்த மார்க்கரால் அரை சென்டிமீட்டர் அகலத்துக்குப் பூசிவிடுங்கள். கோடு அகலமானால் பிழைக்கும் இடம் உண்டு. வாரம் ஆக ஆகக் கோட்டை மெலியவிடுங்கள்.

வடிவங்களுக்கும் வயது உண்டு. பார்த்து வரைவதில் வட்டம் சுமார் மூன்று வயதிலும், கூட்டல் குறி நான்கை ஒட்டியும், சதுரம் நாலரை வாக்கிலும், முக்கோணம் ஐந்தைத் தாண்டியும் வசப்படும். சாய்வுக் கோடுதான் கஷ்டம். அதனால் மூன்று வயதுக்குப் பந்து, பலூன், சூரியன் போல உருண்டையான படங்கள். நட்சத்திரமும் கூரான மலையும் பிறகு வரட்டும்.

அச்சிட்ட படமே கூடாது என்று வாதிடுபவர்களும் உண்டு. விக்டர் லோவன்ஃபெல்ட் போன்ற கலைக்கல்வி அறிஞர்கள் 1940களிலேயே அதைச் சொன்னார்கள். ஆயத்தப் படங்கள் குழந்தை தானாக வரையும் தைரியத்தைக் குறைக்கும் என்பது அவர்கள் கவலை. அதில் நியாயம் இருக்கிறது. சான்பிரான்சிஸ்கோவில் மழலையர் பள்ளி நடத்திய ரோடா கெல்லாக் இலட்சக்கணக்கான குழந்தைச் சித்திரங்களைச் சேர்த்துப் பார்த்து, கிறுக்கல்களிலேயே இருபது அடிப்படை வகைகள் இருப்பதாகப் பிரித்தார். நாம் குப்பை என்று கசக்கும் தாளில் அவ்வளவு இருக்கிறது. என் சமரசம் இது: ஒரு நாள் அச்சிட்ட படம், மறுநாள் வெற்றுத்தாள். வெற்றுத்தாளில் பிள்ளை போட்ட கிறுக்கல் சுழிகளுக்கு இடையே மூடிய கட்டங்கள் உருவாகுமே, அவற்றை வேறு வேறு நிறத்தால் நிரப்பச் சொல்லுங்கள். தானே போட்ட கோடு, தானே அடிக்கும் கலர்.

படி 5: செய்து பார்க்க வேண்டியவை

தோளிலிருந்து தொடங்குவோம். பெரிய தாளைச் சுவரில், பிள்ளையின் கண் மட்டத்தில் ஒட்டுங்கள். செங்குத்தான பரப்பில் வரையும்போது மணிக்கட்டு தானாகப் பின்னோக்கி வளைந்து நிற்கும். எழுதுவதற்கு வேண்டிய நிலை அதுதான். மேசையில் ஆயிரம் தடவை சொன்னாலும் வராதது சுவரில் சொல்லாமலே வரும். தாள் அகலமாக இருக்கட்டும். ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குச் சாலை ஒன்று வரைந்து, நகராமல் நின்றபடியே அதைத் தீட்டச் சொன்னால், கை உடம்பின் நடுக்கோட்டைத் தாண்டி மறுபக்கம் போகும். அதுவும் பழக வேண்டிய ஒன்று. சுவர் அலுத்தால் மேசையின் அடிப்பக்கத்தில் தாளை ஒட்டிப் பிள்ளையை மல்லாக்கப் படுத்து வரையவிடுங்கள். குகைக்குள் ஓவியம் என்று பெயர் வைத்துவிட்டால் போதும், வெளியே வரவே மாட்டார்கள். கண்ணில் துகள் விழாமல் இருக்க இதற்கு மட்டும் ஸ்கெட்ச் பேனா.

அடுத்தது அழுத்தம். சிலர் தாள் கிழியும்படி அழுத்துவார்கள், சிலர் கண்ணுக்கே தெரியாமல் தடவுவார்கள். இருவருக்கும் "சரியா அழுத்து" என்ற சொல் உதவாது, எவ்வளவு சரி என்று அந்தக் கைக்குத் தெரியாது. ஒரே கிரேயானால் மூன்று கட்டம் தீட்டும் விளையாட்டை வையுங்கள்: எலி நடந்த கட்டம், பூனை நடந்த கட்டம், யானை நடந்த கட்டம். ஒரே நிறம் மூன்று நிறமாகத் தெரியும்போது பிள்ளையின் முகத்தைப் பாருங்கள்!

மெல்லத் தடவும் பிள்ளைக்கு இரண்டு தாளுக்கு நடுவே கார்பன் தாளை வைத்துக்கொடுங்கள். கீழ்த்தாளில் ரகசியப் பிரதி விழ வேண்டும் என்பதற்காகவே அழுத்தும். தாளுக்கு அடியில் உப்புத்தாளை வைத்தாலும் சரி, சொரசொரப்பு விரல் வழியாக மேலே ஏறும். வெள்ளைக் கிரேயானால் வெள்ளைத்தாளில் ரகசியப் படம் வரைந்து, மேலே தண்ணீராகக் கரைத்த வாட்டர் கலரைப் பூசுவது இன்னொரு வழி. மெழுகு தண்ணீரை ஒட்டவிடாது, அதனால் படம் வெள்ளையாக எழுந்து நிற்கும். அழுத்தி வரைந்த இடம்தான் தெரியும் என்பதால் அடுத்த தடவை பிள்ளை தானாகவே அழுத்தும். ஓங்கி அழுத்துபவருக்கு இதற்கு நேர் எதிர்: தாளுக்கு அடியில் நான்கைந்து டிஷ்யூ தாள்களை மெத்தை போல அடுக்குங்கள். அழுத்தினால் ஓட்டை விழும், ஓட்டை விழாமல் முடிப்பதே பந்தயம்.

இலை உரசல் விடுமுறைக்கென்றே பிறந்தது. வெளியே நடந்துவரும்போது ஐந்தாறு இலைகளைப் பொறுக்கிக்கொள்ளுங்கள், காய்ந்து நொறுங்காதவையாக. நரம்பு புடைத்த பக்கம் மேலே இருக்க வைத்து, மேலே மெல்லிய தாளை மூடி, காகிதம் உரித்த கிரேயானைப் படுக்கவைத்துத் தேய்க்க வேண்டும். மெல்ல நரம்பும் விளிம்பும் தாளில் தெரியும். மற்றக் கை தாளை இறுக்கிப் பிடிக்காவிட்டால் படம் கலைந்து இரட்டையாக விழும். சோம்பல் கைக்கு இதைவிட நல்ல ஆசிரியர் கிடையாது. நாணயம், சீப்பு, சாவி என்று வீட்டில் கண்டதையெல்லாம் உரசிப் பார்க்கலாம்.

கோட்டுக்குள் நிறுத்தக் கற்றுத்தர, கண்ணால் பார்க்கும் கோட்டைக் கையால் தொடும் வரப்பாக மாற்றுங்கள். படத்தின் எல்லைமேல் வெள்ளைப் பசையைப் பிழிந்து ஓர் இரவு காயவிட்டால் வரப்பு எழும்பிவிடும். கிரேயான் அதில் முட்டும். முட்டினால் திரும்பும். நீங்கள் வாயே திறக்க வேண்டாம்.

விரலுக்கு மட்டுமான வேலைகளில் என் முதல் ஓட்டு இருமுனைப் பென்சிலுக்கு. ஒரு முனை சிவப்பு, மறுமுனை நீலம். சிவப்புப் புள்ளி, நீலப் புள்ளி என மாறி மாறி வைக்க வேண்டும், மற்றக் கையின் உதவி கூடாது. ஒரே கையின் விரல்களுக்குள்ளேயே பென்சிலைச் சுழற்றித் திருப்புவது நமக்கு ஒன்றும் இல்லை, ஐந்து வயதுக்கு அது சர்க்கஸ். அதன் பிறகு துணி கிளிப்பில் சிறு பஞ்சைக் கவ்வவைத்து வண்ணத்தில் தோய்த்து ஒற்றுவது. கிளிப்பை விரல் நுனியால் அமுக்கித் திறக்கும் பலம் வேண்டும். பட்ஸால் புள்ளி வைப்பது, டிராப்பரில் வண்ணத் தண்ணீரை உறிஞ்சி டிஷ்யூவில் சொட்டுவது, எல்லாம் இந்த வகைதான். மூன்றையும் ஒரே நாளில் கொட்டிவிடாதீர்கள்.

ஐந்து வயதானவர்களுக்கு இணைகோட்டு நிரப்பல். 1907இல் ரோமில் 'குழந்தைகள் இல்லம்' என்ற தன் முதல் பள்ளியைத் தொடங்கிய இத்தாலியக் கல்வியாளர் மரியா மாண்டிசோரி, எழுத்துக்கு முன்னால் கையைத் தயார்செய்ய உலோகச் சட்டங்களைப் பயன்படுத்தினார். வட்டம், முக்கோணம் போன்ற வடிவங்களைச் சட்டத்தின் உதவியால் வரைந்து, உள்ளே கலர் பென்சிலால் கோடு கோடாக நிரப்ப வேண்டும். உலோகச் சட்டம் நமக்கு வேண்டாம். தடித்த அட்டையில் வெட்டிய ஓட்டையோ கிண்ணத்தின் மூடியோ போதும். மேலிருந்து கீழாக, ஒன்றையொன்று தொடாத கோடுகள். முதல் நாள் பத்துக் கோடுகள் விட்டுவிட்டு நிற்கும். பத்து நாளில் அவை நெருங்கிவரும். கையின் கட்டுப்பாடு எவ்வளவு கூடியிருக்கிறது என்று அந்த இடைவெளியே காட்டிவிடும்.

தீட்டி முடித்த படத்தை வெட்டி வாழ்த்து அட்டையாகவோ புத்தக அடையாளமாகவோ மாற்றலாம். கத்தரிக்கோல் பற்றி இங்கே விரிக்கவில்லை, அது தனிக்கதை. பென்சில் சீவும் வேலையை மட்டும் பிள்ளைக்கே விட்டுவிடுங்கள். ஒரு கை ஷார்ப்னரைப் பிடிக்க மறுகை திருக, இரண்டும் வெவ்வேறு வேலை செய்யும் அருமையான வாய்ப்பு அது.

படி 6: விடுமுறை முழுக்கப் பரப்புவது

விடுமுறை எத்தனை நாளோ அத்தனை வட்டங்களை ஒரு நீளத்தாளில் வரைந்து சுவரில் ஒட்டுங்கள். முதல் நாள் வட்டம் பெரியது, ஐந்து சென்டிமீட்டர். நாளுக்கு நாள் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து, கடைசி நாள் வட்டம் ஒன்றரை சென்டிமீட்டர். தினமும் காலையில் ஒரு வட்டம். ஊருக்குப் போகும் நாள், விருந்தாளி வரும் நாள் எல்லாவற்றுக்கும் பிள்ளை தனி நிறம் தேர்ந்தெடுக்கட்டும். நாள்காட்டியும் ஆயிற்று, செங்குத்துப் பரப்பில் தினமும் இரண்டு நிமிடப் பயிற்சியும் ஆயிற்று. வேறு எதுவும் செய்ய முடியாத நாளில்கூட இது ஒன்று நடந்தால் எனக்குத் திருப்தி.

அதற்கு மேல், முதல் வாரம் சுவர்த்தாளும் மேசைக்குகையும், இரண்டாம் வாரம் அழுத்தமும் உரசலும், மூன்றாம் வாரம் பசை வரப்பும் சின்னப் படங்களும், பிறகு இருமுனைப் பென்சிலும் இணைகோடும் என்று ஓட்டலாம். மூன்று வயதுப் பிள்ளை பிந்தைய வாரங்களுக்குப் போகவே வேண்டாம், முதல் வாரத்தையே திருப்பித் திருப்பிச் செய்யட்டும். நேரத்துக்கு என் கணக்கு: இரண்டு மூன்று வயதுக்கு ஐந்து நிமிடம், நான்குக்குப் பத்து, அதற்கு மேல் பதினைந்து. பிள்ளை தானாக நீட்டினால் நீட்டட்டும். கையை உதறுவது, கன்னத்தை மேசையில் சாய்ப்பது, பிடி மாறுவது எல்லாம் களைப்பின் அடையாளம். ஆசை மிச்சம் இருக்கும்போதே பெட்டியை மூடிவிடுவது நல்லது.

பயணத்துக்குக் கெட்டியான கிளிப் அட்டை ஒன்று, நான்கு முக்கோணக் கிரேயான், சின்னத்தாள் கட்டு. ஓடும் வண்டியில் கோட்டுக்குள் தீட்டச் சொல்வது நமக்கே ஆகாத வேலை. அங்கே கிறுக்கலும் ஸ்டிக்கர் ஒட்டுவதும் போதும்.

இடது கைப் பிள்ளைகள்

பத்துப் பேரில் ஒருவர் இடது கைக்காரர். எந்தக் கை என்பது பெரும்பாலும் நான்கு வயதிலிருந்து ஆறு வயதுக்குள் தெளிவாகும். அதுவரை மாற்றி மாற்றிப் பிடிப்பதில் தப்பில்லை. கிரேயானை வலது கையில் திணிக்காமல் மேசையின் நடுவில் வையுங்கள், பிள்ளையே எடுக்கட்டும். வலது கைக்காரருக்குத் தாளின் வலது மேல்மூலை உயர்ந்திருக்கும்படிச் சற்றுச் சாய்க்க வேண்டும், இடது கைக்காரருக்கு இடது மேல்மூலை. இந்தச் சின்னச் சாய்வு இல்லாததால்தான் பல இடது கைப் பிள்ளைகள் மணிக்கட்டைக் கொக்கி போல வளைத்துக்கொள்கிறார்கள். அச்சிட்ட மாதிரிப்படம் பார்த்துத் தீட்டுவதாக இருந்தால் மாதிரியை வலப்பக்கம் வையுங்கள். இடப்பக்கம் வைத்தால் அவர்கள் கையே அதை மறைத்துவிடும்.

நம் வாய்

"இது என்ன?" என்ற கேள்வி வேண்டாம். அது ஒன்றுமாக இல்லாமலும் இருக்கலாம். "சூப்பர்" என்று எல்லாவற்றுக்கும் சொன்னாலும் சலித்துவிடும். கை செய்ததைச் சொல்லுங்கள்: "இந்த மூலை வரைக்கும் நீலம் வந்திருக்கே", "இங்க மெல்லமா, அங்க அழுத்தமா அடிச்சிருக்கே". முக்கியமாக, பிள்ளையின் கை மேல் நம் கையை வைத்து ஓட்டக் கூடாது. அப்போது உழைப்பது நம் தசை. கோடு அழகாக வரும், பிள்ளையின் கை ஒன்றும் கற்காது. அதைவிடப் பக்கத்தில் உட்கார்ந்து உங்களுக்கென்று ஒரு தாளை வைத்துக்கொண்டு நீங்களும் தீட்டுங்கள். அண்ணன் தம்பி, அக்கா தங்கை படங்களை ஒப்பிடுவது பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை.

எப்போது கேட்க வேண்டும்

ஒரு வயதுக்கு முன்பே ஒரு கையை மட்டும் பயன்படுத்தி மற்றதை ஒதுக்கினால் மருத்துவரிடம் காட்டுங்கள். நான்கு வயது தாண்டியும் முஷ்டிப் பிடி மட்டுமே இருந்தால், வட்டத்தைப் பார்த்து வரைய முடியாவிட்டால், கை நடுங்கினால், கிரேயானைக் கண்டாலே பிள்ளை ஓடினால், பொத்தான், ஜிப், கரண்டி எல்லாமே சேர்ந்து சிரமமாக இருந்தால், குழந்தை மருத்துவரைக் கேளுங்கள். அவர் தேவைப்பட்டால், இப்படிப்பட்ட அன்றாட வேலைகளுக்குப் பயிற்சி தரும் ஆக்குபேஷனல் தெரபிஸ்டிடம் அனுப்புவார். கலர் கோட்டுக்கு வெளியே போவது மட்டும் காரணமாக யாரிடமும் ஓட வேண்டாம்.

அப்புறம் கறை. சுவரில் கிரேயான் என்றால் ஈரத்துணியில் கொஞ்சம் பேக்கிங் சோடா தொட்டு மெல்லத் தேயுங்கள், முதலில் மறைவான ஓர் இடத்தில் சோதித்துவிட்டு. துணியில் என்றால் இரண்டு டிஷ்யூ தாளுக்கு நடுவில் வைத்து மிதமான சூட்டில் இஸ்திரிப் பெட்டியை அழுத்தினால் மெழுகு உருகித் தாளுக்கு ஏறிவிடும். மிச்சத்தைச் சோப்புப் போட்டு வழக்கம்போலத் துவைக்கலாம்.

மேசையைச் சுத்தம் செய்யும் வேலையை நீங்கள் எடுத்துக்கொள்ளாதீர்கள். ஸ்கெட்ச் பேனா மூடியை "டக்" என்று சத்தம் வரும்வரை அழுத்தி மூடுவது, சிதறிய துண்டுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி, ஒரே கைக்குள் ஐந்தாறு சேர்த்து, பிறகு கட்டைவிரலால் ஒவ்வொன்றாகத் தள்ளி டப்பாவில் போடுவது, இவை எல்லாம் பிள்ளையின் பங்கு. நமக்கு ஒரு நிமிட வேலை, அவர்களுக்கு எட்டு நிமிடம் பிடிக்கும். அந்த எட்டு நிமிடத்தில் நீங்கள் அன்றைய தாளின் பின்பக்கம் தேதியை எழுதி, முதல் இரண்டு நாள் தாள்களோடு சேர்த்துவையுங்கள்.